புதுப்பிப்பு: இடப்பக்கம் இழுத்த கார்

தென்காசி சாலையில் கார் இடப்பக்கமே இழுக்கிறது, ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். உடனே அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பாருங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் பார்த்தாயிற்று.

கடைக்காரர் மெஷின் பக்கமே போகவில்லை. முதலில் டயர் காற்று. அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினார். டக் டக்கென்று சத்தம். டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டு, தேய்ந்திருந்தது. "இத மாத்தாம அலைன்மென்ட் பண்ணுனா துட்டு தண்டம் அண்ணாச்சி" என்றார். நல்ல மனுஷன்.

மாற்றிவிட்டுத் திரையில் பார்த்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சரி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் விலகியிருந்தது. டயரைக் குறுக்கே தடவினால் ரம்பம் மாதிரி நெருடியது அதனால்தான். அதைச் சரிசெய்தபின் இப்போது நேராகப் போகிறது.

80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது என்று கேட்டவருக்கு: அது பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது) கோளாறு, அலைன்மென்ட் இல்லை.

அலைன்மென்ட்டைப் பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பள்ளத்தில் பலமாக விழுந்தாலோ, சஸ்பென்ஷன் (சாலை அதிர்வைத் தாங்கும் அமைப்பு) பாகம் மாற்றினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். சாலை ஓரச்சரிவிலும் வண்டி லேசாக இடப்பக்கம் ஒதுங்கும்; சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.