சுங்குடிச் சேலையும் தபால் பையும்

குடும்பக் குழு, ஞாயிறு காலை

மதுரை அக்கா: எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் தேனிப் பக்கம் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பிய சேலை இன்னும் அந்த அம்மாவின் கைக்குப் போகவில்லை. பார்சலை 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுனில் வைத்துக்கொண்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன் செய்திருக்கிறார்கள். 850 ரூபாய்ச் சேலைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? கிராமத்து ஆர்டர்களை இனித் தபாலிலேயே அனுப்பலாமா, பெரியப்பா?

கோவைத் தம்பி: வேறு கூரியரைப் பாருங்கள், அக்கா. கடிதம் எழுதுவதே நின்றுபோன காலத்தில் தபால் துறைக்கு அரசு ஏன் இன்னும் செலவு செய்ய வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பெரியப்பா: தம்பி, கூரியர்காரர் லாபம் வரும் பின்கோடுக்குத்தான் போவார், அது அவர் தொழில், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டிலுள்ள ஏறத்தாழ 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில் இருக்கின்றன. அந்த மலையடிவாரத்துக்கும் ஒரு கிளை அஞ்சலகம் வழியாகப் பை போய்ச் சேரும். நான் தபால் துறையில் வேலையில் இருந்தவரை எங்கள் குறை வேறாக இருந்தது: பை போகும், ஆனால் பார்சல் இப்போது எங்கே இருக்கிறது, என்றைக்குப் பட்டுவாடா ஆகும் என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாது. நாள் சொல்ல முடியாத சேவையை நம்பி எந்த வியாபாரியும் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. சீர்திருத்தம் வேண்டும் என்று நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டது அதற்காகத்தான்.

மதுரை அக்கா: நீங்கள் சொல்வது எனக்கு அப்படியே பொருந்துகிறது. சேலை கைக்குப் போனால்தான் பணம் வருகிறது. பணம் வந்தால்தான் வீட்டிலிருந்து சுங்குடித் துணியில் சாயத்துக்கு முடிச்சுப் போட்டுத் தரும் ஐந்து பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க முடிகிறது. பார்சல் நான்கு நாள் எங்காவது கிடந்தால், அந்த நான்கு நாளும் அவர்கள் வீட்டு மளிகைக் கணக்கில்தான் ஏறுகிறது.

பெரியப்பா: இப்போது நிலைமை மாறி வருகிறது, அம்மா. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கடிதம் கொண்டுசெல்வதில் அரசுக்கு மட்டும் இருந்த தனியுரிமை அதோடு போயிற்று. 2025 செப்டம்பர் 1இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்தார்கள். அக்டோபரிலிருந்து 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டினால், வாங்குபவர் ஓடிபி சொன்ன பிறகுதான் விரைவுத் தபாலைக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

சித்தப்பா: அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இதே சீர்திருத்தத்தில் என்னைப் போன்ற சிறு பதிப்பாளர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் முன்னறிவிப்பே இல்லாமல் நிறுத்தினார்கள். 150 ரூபாய்க் கவிதைத் தொகுப்புக்கு அதன் விலையில் பாதியை அஞ்சல் செலவாகக் கேட்டால் ஊர்ப்புறத்து வாசகர் வாங்குவாரா? 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. பாடநூல்களுக்கும் கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கும் என்று அது வந்திருப்பதால், நாவலும் கவிதையும் அதில் அடங்குமா என்று கட்டு கட்டும்போதெல்லாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. வேகமான வழியைச் செப்பனிடும்போது மலிவான வழியை அடைத்துவிடக் கூடாது.

பெரியப்பா: அது நியாயமான வருத்தம்தான். இன்னொன்றும் சொல்கிறேன்: பார்சல் தொலைந்தாலோ தாமதமானாலோ விதிகளில் எழுதிய அளவுக்குமேல் துறை பொறுப்பேற்காது என்பதைப் புதிய சட்டத்தின் 10ஆம் பிரிவும் விட்டுவிடவில்லை. வியாபாரிகளை அழைக்கும் துறை இழப்பீட்டிலும் தாராளம் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

திருப்பூர் மாமா: ஏற்றுமதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியபோது, வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற தெளிவு இல்லாமல் ஆகஸ்ட் 25இலிருந்தே அமெரிக்காவுக்கான பார்சல் பதிவை நம் தபால் துறையில் நிறுத்தினார்கள். இங்கே பதிவு செய்யும்போதே வரியைக் கட்டும் ஏற்பாடு தயாராகி, அக்டோபர் 15இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். தீபாவளிக்கு ஐந்தே நாள். பெரிய ஏற்றுமதியாளருக்குக் கப்பல் இருக்கிறது. இரண்டு கிலோ பார்சல் அனுப்பும் வீட்டுத் தொழிலுக்குத் தபாலை விட்டால் கட்டுப்படியாகும் வழி ஏது?

கோவைத் தம்பி: இத்தனை பேர் பிழைப்பு இதில் இருப்பதை நான் யோசிக்கவில்லை, மாமா. அக்காவுக்கு இப்போது உடனே செய்யக்கூடியது என்ன, பெரியப்பா?

பெரியப்பா: மொத்தமாக அனுப்பும் புதிய வாடிக்கையாளருக்கு விரைவுத் தபாலில் 5 சதவீதத் தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள். மூன்று மாதத்து ரசீதுகளையும், ஒரு சேலையை அட்டையோடு கட்டி நிறுத்த எடையையும் எடுத்துக்கொண்டு நாளை பத்து மணிக்குத் தலைமை அஞ்சலகத்துக்கு வந்துவிடு, அம்மா. நானும் வந்து பேசுகிறேன்.

மதுரை அக்கா: 640 கிராம், பெரியப்பா. இப்போதுதான் நிறுத்துப் பார்த்தேன்.