பவர் வீடர் மண்ணுல இறங்காம குதிக்குது, உதவி தேவை

அவரைப்பந்தல்: புது வீடர் (களை எடுக்க, மண்ணைக் கிளறத் தள்ளிட்டுப் போற சின்ன மெஷின்), 7 ஹெச்பி பெட்ரோல். மண்ணைக் கிழிக்காம மேலயே குதிச்சு முன்னாடி இழுத்துட்டு ஓடுது. ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி போடணும். அவசரம், யாராவது சொல்லுங்க.

கரிசல்காடு: என்ன மண்ணு? கடைசியா எப்ப தண்ணி விட்டீங்க? சக்கரத்தைக் கழட்டிட்டு அதே ஷாஃப்ட்ல பிளேடு மாட்டுற வண்டியா, பின்னாடி தனியா ரோட்டரி இருக்கிறதா?

ஸ்பேனர்செட்: கார்புரேட்டரைப் பாருங்க. பிளேடுக்கு வேகம் பத்தலைன்னா குதிக்கத்தான் செய்யும். ஏர் ஃபில்டரையும் கழட்டித் தட்டுங்க.

கரிசல்காடு: ஆளையே இழுத்துட்டு ஓடுற இன்ஜினுக்கு என்னங்க குறை? கார்புரேட்டர் கோளாறுன்னா லோடு ஏறினதும் திணறி நின்னுடும்.

மேழி: இதே கேள்வி மாசம் ஒண்ணு வருது. கூட வர்ற புத்தகத்தை யாரும் பிரிக்கிறதே இல்ல. மண்ணு என்னன்னுகூடச் சொல்லாம வைத்தியம் கேட்டா எப்படி? பின்னாடி இருக்கிற ஆழக் கம்பியை ஒரு ஓட்டை கீழ இறக்கிப் பின் போடுங்க. அது மண்ணுல ஊணி வண்டியைப் பிடிச்சாத்தான் பிளேடு கீழ வெட்டும், இல்லன்னா சக்கரமா உருளும். கைப்பிடியை அமுக்கினா ஆழம் போகும், தளர்த்தினா நகரும்.

அவரைப்பந்தல்: செம்மண்ணு. சக்கரம் கழட்டுற வண்டிதான். தண்ணி விட்டு ரொம்ப நாளாச்சு.

ஊடுபயிர்: அப்ப ரெண்டு விஷயம் பாருங்க. இன்ஜினை அணைச்சு, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழட்டிட்டு பிளேடைப் பாருங்க. வண்டி முன்னாடி போகும்போது தீட்டின விளிம்புதான் மண்ணுல முதல்ல படணும். முதுகுப்பக்கம் பட்டா, இடது செட்டும் வலது செட்டும் இடம் மாறியிருக்கு. கழட்டி மாத்தி மாட்டுங்க. அடுத்தது பதம். செம்மண் காய்ஞ்சா செங்கல். நல்லா நனைய விட்டு ரெண்டு மூணு நாள் ஆறட்டும். நாலு அங்குல ஆழத்து மண்ணை உருண்டை பிடிச்சு, கட்டைவிரலால அமுக்கினா உதிரணும். களிமாதிரி நசுங்கினா இன்னும் ஒருநாள் பொறுங்க. ஈரத்துல ஓட்டினா அடி மண்ணு தகடு மாதிரி இறுகி வேர் இறங்காது. முதல் ஓட்டு ரெண்டு மூணு அங்குலம், அடுத்தது குறுக்கே, அஞ்சு ஆறு அங்குலம்.

ஸ்பேனர்செட்: முன்னாடி ஒரு மணல் மூட்டை கட்டினா இறங்கிடும்.

ஊடுபயிர்: காய்ஞ்ச தரையில பாரம் ஏத்தினா உதை மொத்தமும் கியர் பாக்ஸுக்கும் கைக்கும்தான். வேண்டாம்.

கரிசல்காடு: கோரைக் களை இருக்கான்னு யாருமே கேக்கல. இருந்தா வீடரே விடாதீங்க. கிழங்குகள் சங்கிலியாக் கோத்திருக்கும். பிளேடு அறுத்தா உறங்கிட்டிருந்த கிழங்கும் தனியா முளைக்கும்.

மேழி: பாதி உண்மை. சித்திரை வெயில்ல காய்ஞ்ச மண்ணைப் புரட்டினா மேல வந்த கிழங்கு வத்திச் சாகும். கோடை உழவு எதுக்குன்னு நினைச்சீங்க?

கரிசல்காடு: கேக்கிறவர் ஆடிக்கு நிக்கிறார். தண்ணி விட்டு ஓட்டச் சொல்லியிருக்கோம். அந்த ஈரத்துல ஒரு கிழங்காவது சாகுமா?

மேழி: சாகாது. அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு, முள்கரண்டியால கிழங்கோட தோண்டி எடுக்கணும்.

அவரைப்பந்தல்: கம்பியை இறக்கிட்டேன், வலது இடது பிளேடு மாத்தியாச்சு. இப்ப இறங்குது. நன்றிங்க.

ஊடுபயிர்: தண்ணி விட்டு ஓட்டினீங்களா, அப்படியேவா? கோரை இருக்கா? ரொம்பப் பொடியா அடிச்சுடாதீங்க. மாவாக்கினா முதல் மழைக்கே செம்மண் மேல ஓடு கட்டும், சின்ன விதை முட்டி வெளிய வராது. நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தாப் போதும்.