தாஷ்லிக் காப்பிக்கடை நிற்கிறதா, இல்லையா?

கற்சுவர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. துருக்கிக் கட்டடக் கலைஞர் செதாத் ஹக்கி எல்தெமின் ஆவணங்களை வைத்து 2008-09இல் இஸ்தான்புல்லின் உஸ்மானிய வங்கி அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி வெறும் காகிதக் குவியலாம். "தாஷ்லிக் காப்பிக்கடை இன்றும் நிற்கிறது, நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்கிறார். எது நிற்கிறது? எல்தெம் 1948இல் முடித்த கட்டடத்தை 1988இல் நட்சத்திர ஓட்டலுக்காக இடித்தாயிற்று. இப்போது இருப்பது அப்புறம் எழுப்பியது. அவர் செத்ததும் அதே வருடம்தான்.

மாடப்புறா: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அதே வடிவம், அதே கூடம். நிற்கிறது என்றால் நிற்கிறது.

கற்சுவர்: இடித்தார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாடப்புறா: எல்தெம் செய்ததே நகல்தானே ஐயா! இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் 1699இல் கட்டிய அம்ஜாசாதே மாளிகையைப் பார்த்துச் செய்தது. நகலை இடித்து நகல் கட்டினால் என்ன குடி முழுகிப்போகிறது?

கற்சுவர்: அந்த மாளிகையின் படத்தையாவது பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரக்கூடம், மூன்று பக்கமும் வரிசையாகத் தாழ்ந்த ஜன்னல், திண்டில் சாய்ந்தால் கண்ணுக்கு நேரே கடல். அதை மேட்டுக்குக் கொண்டுபோய், பணக்காரர் வீட்டு அமைப்பில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்க இடம் செய்தார். இதற்குப் பெயர் நகலா?

தாழ்வாரம்: இஸ்தான்புல் ஹில்டன் ஓட்டலை ஏன் யாருமே பேசவில்லை? 1955இல் திறந்தது, அதுவும் எல்தெம்தான்.

மாடப்புறா: எஸ்ஓஎம் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. பாதிப் பெருமையை முழுசாக எழுதாதீர்கள்.

தாழ்வாரம்: நான் தனியாகச் செய்தார் என்றா சொன்னேன்? போன மாதம் பழைய உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினானைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள்.

கற்சுவர்: ஹில்டன் கிடக்கட்டும். காகிதம் என்று இளக்காரமாகச் சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 1930களிலிருந்து எல்தெம் மாணவர்களை அனுப்பிப் பழைய துருக்கி வீடுகளை அளந்து வரைய வைத்தார். 1948இல் அவர் பாடம் நடத்திய நுண்கலை அகாதமியில் தீப்பிடித்து அதில் பெரும்பகுதி சாம்பல். வீடுகளும் பல போயின, வரைபடமும் போயிற்று. மிஞ்சியதைக் கண்ணாடிக்குள் வைத்தால் குவியலா?

மாடப்புறா: இஸ்தான்புல்லின் ஜெய்ரெக் பகுதியில் எல்தெமுடைய சமூகக் காப்பீட்டுக் கட்டடம் இருக்கிறதே, 1986இல் ஆகா கான் கட்டடக்கலை விருது வாங்கியது. கட்டடத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், காகிதத்தைப் பார்த்து இல்லை.

கற்சுவர்: ஜெய்ரெக்கை யாரும் இடிக்கவில்லை. நான் கேட்டது தாஷ்லிக். 1988இல் இடித்தார்களா, இல்லையா?

மாடப்புறா: திரும்பக் கட்டினார்களா, இல்லையா?

தாழ்வாரம்: சினான் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.