அப்டேட்: திருப்பி அனுப்பின டிராயர் பெட்டி என்ன ஆச்சு

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, ஒரு ஷோரூம்ல நான் செஞ்ச டிராயர் பெட்டிய திருப்பி அனுப்பிட்டாங்க, ஓரத்துல டவ்டெயில் ஜாயிண்ட் (புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்த இணைப்பு) தெரியுது, பழைய ஸ்டைலு, ஸ்க்ரூ அடிச்சு மேல வெனீர் (மெல்லிசான மரத் தாள்) ஒட்டிக் குடுத்தா எடுத்துக்கறோம்னு. மாறவா வேணாமான்னு கேட்டேன், பாதி பேர் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுங்கன்னீங்க.

மாறல. (ரெண்டு நாள் உளியையே தொடல, அது வேற கதை.)

ஆனா ஷோரூம்காரங்க சொன்னதுல ஒண்ணு நியாயம், கீழ் டிராயர் இறுகுது. உக்காந்து பாத்தா தப்பு என்னோடதுதான். மரம் நீளவாக்குல பெருசா அசையாது, ஈரம் ஏறினா அகலவாக்குலதான் உப்பும், நான் நல்ல வெயில்ல அளவெடுத்து மேல இடைவெளியே விடாம கச்சிதமா பண்ணி வச்சிருக்கேன், முட்டாள்தனம். மேல் விளிம்ப இழைப்புளியால மெல்லிசா மூணு தடவ சீவி மெழுகு தடவினேன், இப்ப ஒத்த விரலால தள்ளினா வழுக்கிட்டுப் போய் கடைசில காத்து அமுங்கி ‘புஸ்’னு நிக்குது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்து பெட்டி செய்யலாம்.

ஜாயிண்ட்ல கை வைக்கல. பல்லுக்கு அதே 1:8 சரிவு (எட்டுக்கு ஒண்ணுன்னு சாயும்), கோடு கீறின தடம்கூட அப்படியே இருக்கு. டிராயர இழுக்க இழுக்க முகப்புப் பலகை பிடுங்கிட்டு வரப் பாக்கும், விரிஞ்ச பல்லு அத விடாது, ஸ்க்ரூன்னா நாளாக நாளாக லூஸ் ஆகும்.

பெட்டி இன்னும் விக்கல. இப்போதைக்கு என் உளியெல்லாம் அதுக்குள்ளதான் தூங்குது, அடுத்ததுக்கு பலகை அறுத்து வச்சாச்சு.