உடுவில் மகளிர் கல்லூரி: 1824 இல் யார் தங்கள் பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பினார்கள்?

ஸ்காபரோ பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மம்மா 1940களில் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவர், இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். போன வாரம் அவருடைய தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது பள்ளியில் அவர் தைத்த ஒரு தையல் துணியும் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கும் படம் ஒன்றும் கிடைத்தன. அதிலிருந்து எனக்கு இந்தப் பள்ளியின் கதையை முழுதாக அறிய வேண்டும் என்று ஆசை.

"ஆசியாவிலேயே முதல் பெண்கள் விடுதிப் பள்ளி எங்கடதான்" என்று அம்மம்மா எப்போதும் சொல்வார். அது சரியா? அதைவிட எனக்கு விளங்காத விஷயம், இருநூறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய் தகப்பன் தங்கள் பெண்பிள்ளையை வெள்ளைக்காரர் வளவில் கொண்டுபோய் விட்டார்கள்? வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவருக்கு, மட்டுமான பள்ளியாக இருந்ததா? அம்மம்மாவின் வீடு அசல் சைவம். ஆனால் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பலது அவருக்கு இன்னும் மனப்பாடம்.

மானிப்பாய் மருதடி:

தங்கச்சி, நல்ல கேள்வி. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி என்பதால் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்திருக்கிறேன்.

அமெரிக்க மிஷன்காரர் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பிறகு 1820 இல் உடுவில். வந்த இடமெல்லாம் சின்னப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், ஆண்பிள்ளைகள் வந்தார்கள், பெண்பிள்ளைகள் வரவில்லை. ஆண்பிள்ளைகளின் மேற்படிப்புக்கான வட்டுக்கோட்டை செமினரி 1823 இல் தொடங்க, அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி. அதை நடத்தியவர் ஹரியற் வின்ஸ்லோ. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவைத்தான் நாங்கள் அதிகம் அறிவோம், 1862 இல் சென்னையில் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதி அவருடையது, அறுபத்தேழாயிரம் சொல்லுக்கு மேல். ஆனால் ஹரியற் 1833 இலேயே இறந்துவிட்டார். பள்ளியை ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பெடுத்தார்கள்.

ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டீர்கள். என் முடிவு ஒன்றுதான்: சீதனம். சாப்பாடும் உடுப்பும் மிஷன் செலவு, படித்து முடித்துக் கலியாணம் செய்யும்போது பிள்ளைக்கு ஒரு சீதனமும் மிஷன் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய பேச்சு என்ன இருக்கிறது? அப்புறம் வட்டுக்கோட்டையில் படித்துவிட்டு வரும் பெடியளுக்குப் படித்த பெண் வேண்டும், உடுவிலில் அந்தப் பெண் இருக்கிறாள். செமினரி மாப்பிள்ளை, உடுவில் பொம்பிளை என்று சம்பந்தம் நடக்கத் தொடங்கியதும் பெண்ணைப் படிப்பித்தால் கலியாணம் குழம்பும் என்ற பயம் தலைகீழாக மாறிவிட்டது. போதனையால் மட்டும் இந்தப் பள்ளி வேர்விடவில்லை, எங்கள் சனத்தின் கலியாண வழக்கத்துக்குள் புகுந்ததால்தான் நின்றது. இதில் எனக்கு எப்போதும் வியப்பான விஷயம், பெயர்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியை 1855 இல் மூடிவிட்டார்கள், அந்த ஆண்பிள்ளைகளுக்குப் பெண் கொடுத்த பள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

எலைசா அக்னியூவைச் சொல்லாமல் விட முடியாது. நியூயோர்க்கில் எட்டு வயதில் பள்ளியில் இருக்கும்போதே மிஷனரியாகப் போவது என்று முடிவெடுத்தவர், பெற்றோர் காலமான பிறகுதான் புறப்பட்டு 1840 இல் யாழ்ப்பாணம் வந்தார். கலியாணம் செய்யவில்லை. ஏறத்தாழ நாற்பது வருடம் உடுவிலில் படிப்பித்தார், ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. "ஆயிரம் மகள்களின் தாய்" என்று அவரைச் சொல்வார்கள். 1883 இல் மானிப்பாயில் இறந்தார்.

நாஞ்சில் வாசகன்:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஆனால் அந்த "ஆசியாவிலேயே முதல்" என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளி 1819 என்று ஆண்டு சொல்லும் பள்ளி. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே விடுதிப் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டதாக எங்கள் பக்கம் இன்றும் பேசுவார்கள். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி 1855 இல்தான் ஒழிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த லேஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். உடுவிலைக் குறைத்துச் சொல்லவில்லை, சீதனத்துக்காக அங்கே, விடுதலைக்காக இங்கே, இரண்டுமே அந்தந்த ஊர்ப் பெண்ணுக்கு அன்று எது தேவைப்பட்டதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்திருக்கின்றன. முதல் யார் என்ற பட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று: இலங்கையில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடமும்தான், நம் ஊர் டிகிரி காலேஜ் என்று நினைக்க வேண்டாம்.

வலிகாமத்துப் பிள்ளை:

நான் அங்கே படித்தவள். யுத்தத்தால் 1995 ஒக்டோபர் 30 இரவு எங்கள் வலிகாமப் பகுதி முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது மழைக்குள் நடந்தோம். அம்மா பெட்டியில் உடுப்பு வைக்க, நான் கொப்பிகளை அடுக்கினேன், "இதுவா இப்ப முக்கியம்" என்று அம்மா ஏசவில்லை, தன் சேலை ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு எனக்கு இடம் விட்டார். அம்மாவும் உடுவில்தான்.

நீங்கள் கேட்ட காலத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மம்மா படித்த காலத்தில் அதிபர் அரியம் பரமசாமி அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை அமெரிக்கப் பெண்கள் இருந்த கதிரையில் முதலில் அமர்ந்த எங்கள் நாட்டுப் பெண் அவர். 1960, 61 இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தபோது உடுவில் தனியார் பள்ளியாகவே நிற்பது என்று முடிவாயிற்று, இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ்தான் இருக்கிறது. அரச பணம் இல்லாமல் ஒரு பள்ளியை ஓட்டுவது லேசான காரியமில்லை, அதுவும் யுத்தத்துக்குள். சைவப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்களே, என் வகுப்பிலேயே எத்தனையோ பேர். காலையில் நெற்றியில் திருநீறோடு வந்து கீர்த்தனை பாடுவோம், அது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை.

மானிப்பாய் மருதடி:

நாஞ்சில் தம்பி, நாகர்கோவில் கதை எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். இனி நானும் "முதல்" என்று சொல்ல மாட்டேன், மிகப் பழையவற்றில் ஒன்று என்றாலே போதும்.

தங்கச்சி, உங்கள் அம்மம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 1913 இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென்றே மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கிவிட்டார், உடுவிலில் இருந்து நடந்து போகும் தூரம்தான். அப்படி இருக்க, சைவக் குடும்பம் ஏன் உடுவிலுக்கு அனுப்பியது?

ஸ்காபரோ பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரியம் பரமசாமி என்ற பெயரைச் சொன்னதும் கட்டிலில் நிமிர்ந்து இருந்துவிட்டார். "ஓம், மிஸ் பரமசாமி" என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

மருதடி அண்ணா கேட்டதையும் கேட்டேன். மூத்த அக்காவை இராமநாதனில்தான் விட்டார்களாம். அம்மம்மாவின் முறை வந்தபோது ஐயாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி உடுவிலில் ரீச்சர், அவர் வீட்டுக்கு வந்து "சின்னவளை என்னோட விடுங்கோ அண்ணை" என்று கேட்டாராம், ஐயா மறுக்கவில்லை. படத்தில் இரண்டாம் வரிசையில் வெள்ளைச் சேலையோடு நிற்பது அந்த மாமிதான். தையல் துணியில் தொடங்கிவிட்டு முடிக்காமல் இருக்கும் மூலையையும் மாமிதான் தைத்துக் காட்டினாராம். நாளைக்குப் படத்தையும் துணியையும் ஸ்கான் பண்ணி இங்கே போடுகிறேன், பின்னால் நிற்பவர்களில் யாரையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடையாளம் கண்டால் சொல்லுங்கள்.