டென்மார்க்கின் மேற்கு யூலாந்தில் பழைய வீடும் வளவும் வாங்கியிருக்கிறோம்: மேற்குப் பக்க மரவரிசையைத் தறிக்கலாமா?

புதுவளவு எழுதியது:

வணக்கம் உறவுகளே. 14 ஆண்டுகள் கோப்பன்ஹேகனின் புறநகரொன்றில் மூன்றாம் மாடியில் வாழ்ந்த நாங்கள், கணவரின் வேலை பிரான்டேக்கு மாறியதால், கடந்த செப்டம்பரில் ஹெர்னிங்குக்கு மேற்கே ஒரு பழைய கமக்காரர் வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். செங்கல் வீடு, 1930களில் கட்டியது. வயல் நிலமெல்லாம் முன்பே அயலவருக்கு விற்கப்பட்டுவிட்டது. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 5,000 சதுர மீட்டர் வளவு மட்டும் எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. பல்கனியில் நான்கு சாடிகளுக்கு மேல் வைத்துப் பழகாத எனக்கு, இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே இன்னும் பிடிபடவில்லை.

என் முதல் கேள்வி வளவின் மேற்கு எல்லையைப் பற்றியது. அங்கே ஓர் ஆள் இடுப்பளவு உயரமான மண்வரம்பின் மேல், ஓக், ரோவன், முள்மரம் என்று கலந்து, மூன்று வரிசையாக, எட்டு மீட்டர் உயரத்துக்கு மரங்கள் நிற்கின்றன. இந்த ஒக்டோபரில் மாலை ஐந்து மணியானால் வெயில் அந்த மரங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. இருண்ட நாட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் மரங்கள் எதற்கு என்று கணவர் கேட்கிறார். பாதியையாவது தறித்துவிட்டால் சூரியன் மறைவதைச் சமையலறையிலிருந்தே பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். குடிவந்த வாரத்தில் பாணும் உப்பும் கொண்டுவந்து வரவேற்ற அயல் கமக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் மரங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே கொஞ்சம் காற்று அடிக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, மண். எங்களுடன் இருக்கும் அம்மா கத்தரியும் பயிற்றங்காயும் போட வேண்டும் என்று பாத்திக்கு இடம் பார்த்துவிட்டார். மேலே சாம்பல் நிற மணல். முழங்கை ஆழம் தோண்டினால் துருப்பிடித்த தகரம் போன்ற ஒரு கபில நிறத் தட்டில் மண்வெட்டி முட்டி நிற்கிறது. பின்வளவுக் கிணற்றுக் குழாயிலும் அதே நிறத்தில்தான் தண்ணீர் வருகிறது. இவற்றோடு, குளிர் தொடங்குமுன் வீட்டில் தவறாமல் செய்ய வேண்டியவை எவை என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்குக்காற்று எழுதியது:

தங்கையே, தயவுசெய்து அந்த மரங்களில் கைவைக்காதீர்கள். மேற்கு யூலாந்துக்காரர் எதையும் குறைத்தே சொல்பவர்கள். சமையல் மிக நன்றாக இருந்தால் "அவ்வளவு மோசமில்லை" என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் "கொஞ்சம் காற்று" என்று சொன்னால், கூரை ஓடு பறக்கும் என்று பொருள் கொள்ளுங்கள்.

நீங்கள் வேலி என்று நினைப்பதை டேனிஷில் லெஹைன் என்பார்கள். காற்றை மறிப்பதற்கென்றே நட்ட மரவரிசை அது. நீங்கள் இருக்கும் பகுதி 150 ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலும் மரமில்லாத புதர்வெளி. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை யூலாந்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. கிழக்கே அது களிமண்ணை விட்டுச்சென்றது. மேற்கே அதிலிருந்து உருகி ஓடிய நீர் மணலைப் பரப்பிவிட்டுப் போனது. 1864 போரில் டென்மார்க் தெற்கு மாவட்டங்களை இழந்த பின்னர், 1866இல் என்ரிக்கோ டல்காஸ் முதலானோர் ஓகூஸில் ஹெடசெல்ஸ்காபெட் என்ற சங்கத்தைத் தொடங்கி, இந்த மணல்வெளியைப் பயிர்நிலமாக்கும் வேலையில் இறங்கினார்கள். காற்றைத் தடுக்காமல் அங்கே எதையும் விளைவிக்க முடியாது என்பதால்தான் வயலுக்கு வயல் மரவரிசை வந்தது. முதலில் ஒற்றை வரிசையாக வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். அவை வயதாகி இடைவெளி விட்டு விழத் தொடங்கியதும், இலையுதிர் மரங்களை மூன்று, ஆறு வரிசைகளாகக் கலந்து நடும் முறை வந்தது. உங்களிடம் இருப்பது இந்த இரண்டாவது வகை, நல்ல வகை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 27 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்தபோது நானும் உங்கள் கணவரைப் போலவே வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு, என் வளவின் மேற்கிலிருந்த வரிசையில் முக்கால்வாசியைத் தறித்தேன். அடுத்த ஏப்ரலில் இரண்டு வாரம் மழையில்லை. பக்கத்து வயலில் அப்போதுதான் உழுதிருந்தார்கள். ஒரு காலை எழுந்து பார்த்தால் வானம் மஞ்சளாக இருந்தது. மேற்குச் சன்னல்களின் உட்பக்க விளிம்பிலேயே விரலால் பெயர் எழுதும் அளவுக்கு மணல் படிந்திருந்தது. மனைவி கயிற்றில் காயப்போட்ட வேட்டியைத் தட்டியபோது, மாவரிக்கும் ஓசை கேட்டது. அன்று முளைவிட்டிருந்த கன்றுகள் தண்டோடு அராவப்பட்டுக் கிடந்தன. மறுபடி நட்ட மரங்கள் தோள் உயரம் வர ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் என் தோட்டத்தில் உருப்படியாக வந்தது உருளைக்கிழங்கு மட்டும்.

மரவரிசை தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கு நன்றாகவே காற்றைத் தணிக்கும். அதற்கு அப்பாலும் ஓரளவு பயன் உண்டு. எட்டு மீட்டர் மரம் என்றால், அதற்குக் கிழக்கே எண்பது மீட்டர். உங்கள் வளவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதை எடுத்துவிட்டு மதில் கட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மதில் காற்றை மேலே தூக்கிப் பின்னால் சுழன்று விழவைக்கும். மரமோ அதைச் சல்லடைபோல் வடித்து விடும்.

மண்ணில் நீங்கள் கண்ட கபிலத் தட்டுக்கு இங்கே 'ஆல்' என்று பெயர். நிழல் தரும் ஆல் அல்ல. வேரை மறிக்கும் ஆல். புதர்ச்செடிகளின் கீழே மண் புளித்து, மேல் மணலிலிருந்த இரும்பும் மக்கும் கரைந்து இறங்கி, கீழே சீமெந்துபோல் இறுகியதுதான் அது. உங்கள் குழாய்நீரின் நிறமும் அதே இரும்புதான். வயல்களில் அந்தக் காலத்திலேயே ஆழ உழுது உடைத்துவிட்டார்கள். வீட்டு வளவுகளில் தப்பியிருக்கும். பழமரம் வைக்கும் குழிகளில் மட்டும் அலவாங்கால் குத்தி உடையுங்கள். கீரைப் பாத்திக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

மேலே ஐயா மரத்தைப் பற்றிச் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் வேலி இருவருக்கும் பொது. அயலவர் சம்மதமில்லாமல் நீங்கள் அகற்ற முடியாது. பிணக்கு வந்தால் நகரசபை நியமித்த மூவர் அடங்கிய ஹைன்சூன் என்ற வேலிக்குழு நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். (வேலிக் கதியாலுக்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஊரிலிருந்து வந்த எனக்கு, இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட அன்று வயிற்றெரிச்சலே வந்தது.) அதைவிட முக்கியமானது அந்த மண்வரம்பு. பழைய கல்வரம்புகளும் மண்வரம்புகளும் பல இடங்களில் அருங்காட்சியகச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைக்கவோ வெட்டி வழி விடவோ அனுமதி வேண்டும். உங்களுடையது வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நகரசபையிடம் கேட்டுக்கொண்டு மற்றதை யோசியுங்கள்.

வீட்டுக்குள் உடனே பார்க்க வேண்டியது விறகு அடுப்பு. பழைய அடுப்புள்ள வீட்டை வாங்குபவர் 12 மாதங்களுக்குள் அதை மாற்றவோ அகற்றவோ வேண்டும் என்ற விதி 2021 ஆகஸ்டில் வந்தது. முதலில் 2003க்கு முந்தைய அடுப்புகளுக்கு என்றிருந்தது, பின்னர் 2008 ஜூனுக்கு முந்தையவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. உங்கள் அடுப்பின் பின்புறத் தகட்டில் ஆண்டு இருக்கும். தெரியாவிட்டால் புகைபோக்கி துடைப்பவர் வரும்போது கேளுங்கள். அவர் எப்படியும் ஆண்டுதோறும் வருவார்; நீங்கள் அழைக்க வேண்டியதில்லை.

கூரை அலைத்தகடாக இருந்து, 1980களில் அல்லது அதற்கு முன்பு போட்டதாக இருந்தால், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பாசியைக் கழுவித் தருகிறேன் என்று வாசலுக்கு வந்த ஒரு நிறுவனத்தை நம்பி, நான் உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்க விட்டுவிட்டேன். அத்தகைய கூரையில் அது தடைசெய்யப்பட்ட வேலை என்பது, வளவெங்கும் சாம்பல் குழம்பு வழிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மலக்குழியை நகரசபையின் ஏற்பாட்டில் ஆண்டுக்கொருமுறை உறிஞ்சி எடுப்பார்கள். அதன் மூடி புல்லுக்குள் புதைந்திருந்தால் இப்போதே தேடி வையுங்கள். வெளிக்குழாய்க்கு உள்ளே ஓர் அடைப்பு இருக்கும். முதல் உறைபனிக்கு முன் அதை மூடி, வெளியே குழாயைத் திறந்து விட்டுவிடுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம். தோட்டத்துக்குத் தாராளமாக விடலாம்.

கீரைப்பாத்தி எழுதியது:

பிள்ளை, உங்கள் அம்மாவுக்கு நான் எழுதுகிறேன். ஆண்கள் மரத்தையும் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கத்தரியும் பயிற்றங்காயும் அந்த மணலில், திறந்த வெளியில் வராது. நடு யூலாந்தின் மணற்பகுதியில் மே மாதக் கடைசியிலும், சில ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்திலும்கூட இரவில் உறைபனி விழும். காய்ந்த மணல் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆகையால் ஒரு சிறிய கண்ணாடிப் பசுமைக்குடில் வாங்கிக்கொடுங்கள். மிளகாயும் கத்தரியும் பெப்ரவரியில் வீட்டுக்குள் சன்னலோரம் விதைத்து, மே நடுவில் குடிலுக்குள் மாற்றினால், ஆகஸ்டில் காய் பறிக்கலாம். நான் ஒருமுறை புடலையும் கண்டேன். கல் கட்டித் தொங்கவிட இடம் போதாமல் தரையில் சுருண்டு கிடந்தது. கறிவேப்பிலை சாடியிலேயே இருக்கட்டும். கோடையில் வெளியே காற்று வாங்கலாம், செப்டம்பரில் உள்ளே வந்துவிட வேண்டும்.

வெளியே பாத்தியில் வெந்தயக் கீரை, கொத்தமல்லி, பூசணி எல்லாம் கோடையில் வரும். ஆனால் நான் சொல்லப்போவது குரூன்கோல் என்ற சுருள் இலைக் கோவாவைத்தான். இந்த நாட்டவர் அதைப் பாலில் வேகவைத்து வீணாக்குவார்கள். உறைபனி விழுந்த பிறகு பறித்து, நடுநரம்பை நீக்கி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை வறுத்துப் பாருங்கள். பனி பட்ட இலைக்கு ஓர் இனிப்பு வரும். டிசம்பர் இருட்டில் கைவிளக்கோடு போய்ப் பறிக்கக்கூடிய ஒரே கீரை அதுதான்.

மணலுக்கு எருவும் சுண்ணாம்பும் வேண்டும். குதிரை வளர்க்கும் வீட்டில் கேட்டால் எருவை ஏற்றியே விடுவார்கள். சுண்ணாம்பைக் கண்மதிப்பில் அள்ளிப் போடாமல், புளிப்பை அளந்து பார்த்துப் போடுங்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம், தோலில் சிரங்கு பிடிக்கும்.

மரவிடயத்தில் ஐயாவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மனிதருக்கு வெளிச்சமும் வேண்டுமே. வரம்பைத் தொடாமல், சமையலறைக்கு நேரே இரண்டு மீட்டர் அகலத்துக்கு மட்டும் மரத்தை எடுத்து ஒரு சாளரம்போல் திறந்து விட்டால் என்ன?

மேற்குக்காற்று எழுதியது:

அக்கா, மன்னிக்க வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. வரிசையில் ஓர் இடைவெளி விட்டால் காற்று முழுவதும் அந்த வாயிலுக்கு ஓடிவந்து, வெளியிலிருப்பதைவிட வேகமாக உள்ளே பாயும். அது நேராகச் சமையலறைச் சன்னலில்தான் வந்து அறையும்.

ஆனால் வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தங்கை ஒக்டோபரில் நின்று பார்க்கிறார். இப்போது சூரியன் மேற்குக்குச் சற்றுத் தெற்கே மறைகிறது. டிசம்பரில் அது நேர் தென்மேற்குக்குப் போய்விடும். அப்போது நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய பத்துப் பாகை உயரத்துக்குமேல் ஏறாது, மரங்களும் இலையுதிர்த்து நிற்கும். ஜூன் கடைசியிலோ சூரியன் மறைவது நேர் வடமேற்கில், அதுவும் இரவு பத்து மணிக்குப் பிறகு. ஆகவே வெளியே உட்காரக்கூடிய மாதங்களில் அந்தக் காட்சியை இந்த மரவரிசை மறைக்கிறதா என்பதே கேள்வி. வடமேற்கு மூலையில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

புதுவளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுப்பின் தகட்டில் 1994 என்று இருக்கிறது, எனவே அதற்கு விடைகொடுக்க வேண்டியதுதான். மலக்குழி மூடியை அம்மா அலவாங்கால் தட்டித் தட்டி, ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வரம்பு பற்றி நகரசபைக்கு எழுதியிருக்கிறேன்.

நேற்றுக் கைத்தொலைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கணவரும் நானும் வடமேற்கு மூலைக்குப் போனோம். மரவரிசை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அங்கே இடுப்பளவுக்கு முட்செடியும் புல்லும் மட்டும்தான். கணவர் புல்லை வெட்டிக்கொண்டு போனபோது கத்தி எதிலோ இடறியது. விலக்கிப் பார்த்தால் இரண்டு சீமெந்துக் கால்களின் மேல் பலகை உளுத்துப்போன ஒரு பழைய வாங்கு. மரவரிசை அதற்குத் தென்மேற்கே, காற்றுக்குக் குறுக்காக நிற்கிறது. வாங்கு வடமேற்கு வயலைப் பார்த்திருக்கிறது. கணவர் இன்று பலகை வாங்கப் போயிருக்கிறார்.