ஈரலில் மருந்துக்கு நடப்பதை 'திரிப்பு' எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடலுக்குள் மருந்து வேறு பொருளாக மாறுவதை (drug metabolism) சொல்ல 'வளர்சிதை மாற்றம்' இருக்கும்போது மருந்துக்கென்று தனிச்சொல் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டிருந்தார்கள். 'நச்சுநீக்கம்' போதும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஈரல் மருந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதே என் ஆய்வுத் தொழிலாக இருந்தது. ஓய்வுபெற்றுத் தக்கலைக்கு வந்தபின் நர்சிங் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு சொல்லும் அவர்களைத் தவறான பக்கம் கொண்டுபோகின்றன. 'திரிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் நச்சுநீக்கம். 1886 முதலே அசிட்டனிலைடு என்றொரு காய்ச்சல் மருந்து இருந்தது. உடலுக்குள் போய் அது என்னவாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் ஆராய்ந்து 1948-இல் எழுதினார்கள். அதன் பெரும்பகுதி வேறொரு பொருளாக மாறுகிறது, வலியைக் குறைப்பதும் அந்தப் பொருள்தான் என்றார்கள். அதுதான் பாராசிட்டமால். ஈரல் இங்கே எந்த நஞ்சையும் நீக்கவில்லை, மருந்தையே செய்து தந்திருக்கிறது.

அதே ஈரல் பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கை நஞ்சாகவும் மாற்றுகிறது. வழக்கமான அளவு என்றால் ஈரலில் இருக்கும் குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் அந்த நஞ்சைப் பிடித்து அனுப்பிவிடும். அளவு மீறினால் குளூட்டாதையோன் தீர்ந்து, நஞ்சு ஈரல் செல்களிலேயே போய் ஒட்டும். தினமும் குடிப்பவருக்கு இந்த நஞ்சை உண்டாக்கும் நொதி அதிகமாகவும் குளூட்டாதையோன் குறைவாகவும் இருக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் ராத்திரி குடித்துவிட்டு, உடம்புவலிக்கு மாத்திரை மேல் மாத்திரையாகப் போடுகிறார் என்று வையுங்கள். ஈரலின் வேலை நச்சுநீக்கம் என்று அவருக்குச் சொல்லிவைப்பது பெரிய கெடுதல். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

வளர்சிதை மாற்றம் நல்ல சொல், ஆனால் அது உணவுக்கானது. உணவிலிருந்து உடல் தன்னைக் கட்டுகிறது, சிதைத்துச் சக்தியும் எடுக்கிறது. மருந்தை வைத்து அது எதையும் கட்டுவதில்லை. பல மருந்துகள் சிதைவதும் இல்லை, இன்னொன்று சேர்ந்து பெரிதாகத்தான் ஆகின்றன.

என் மனதில் இருப்பது நம் புணர்ச்சி இலக்கணம்: தோன்றல், திரிதல், கெடுதல். பாராசிட்டமாலோடு குளூக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் வந்து சேர்வது தோன்றல். வலிப்புக்குக் கொடுக்கும் குளோனாசிபாமில் நைட்ரோ என்ற அணுத்தொகுதி அமினோ என்ற தொகுதியாக மாறுவது திரிதல். வலிமருந்தான கோடீனிலிருந்து ஒரு மெத்தில் தொகுதி கழன்று அது மார்ஃபின் ஆவது கெடுதல். வேதியியலில் நடப்பதை இவ்வளவு சரியாகப் பிடிக்கும் பாகுபாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது! மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். ஆனால் இன்று விகாரம் என்றால் அசிங்கம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ஆகவே நடுவில் உள்ளதையே பொதுப்பெயராக்கினேன்.

இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்யும் நொதிகளை நேரில் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். எலி ஈரலைப் பனிக்கட்டி மேல் வைத்துப் பொடியாக நறுக்கி, கரைசலில் அரைத்து, மையவிலக்கியில் இரண்டு கட்டமாகச் சுற்றினால் கடைசியில் குழாயின் அடியில் செம்பழுப்பாக ஒரு படிவு நிற்கும். அதைக் கலக்கி, கொஞ்சம் டைதயோனைட் என்ற ஒடுக்கும் உப்பைப் போட்டு, கார்பன் மோனாக்சைடைக் குமிழ்குமிழாக விட்டால் ஒளி உறிஞ்சலில் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு முகடு எழும். அதை வைத்துத்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒமுராவும் சாட்டோவும் 1962-இல் அதற்குப் பி-450 என்று பெயரிட்டார்கள். தமிழில் இவற்றைத் திரிப்பு நொதிகள் எனலாம்.

சொல் கிளைவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். திரிந்து வருவது திரிபொருள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஒரு திரிப்புத் தூண்டி, அதாவது திரிப்பு நொதிகளைப் பெருக்குவது. அதைச் சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போவது அதனால்தான். பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃபுரூட் சாறு ஒரு திரிப்புத் தடுப்பி, சில ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் ஈரலுக்குள் நுழையும்போதே மருந்தின் ஒரு பகுதி போய்விடுவதை முதற்கடவுத் திரிப்பு எனலாம். நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது அதைத் தவிர்க்கத்தான்.

மறுப்புகள் வரும், தெரியும். கொரோனா நேரத்தில் பத்திரிகைகள் வைரஸ் வகைகளைத் 'திரிபு' என்று எழுதின. அது வகையின் பெயர், இது செயலின் பெயர். ஒற்று இரட்டிப்பதாலேயே வேறுபாடு நிற்கும். பால் திரிந்தால் கெட்டது என்றுதானே பொருள் என்றும் கேட்பீர்கள். நம் கடற்கரை ஊர்களில் கயிறும் திரிக்கிறார்கள், சரியா? அங்கே தேங்காய் நார் வேறு உருவெடுக்கிறது, கெட்டுப்போவதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்குத் துணை வேண்டும். குளூக்குரோனிக் அமிலம், சல்பேட் போன்றவை மருந்தோடு சேர்வதை மருந்தியலில் இரண்டாம் கட்டம் என்பார்கள், அதற்குப் 'புணர்ப்பு' என்பதே இலக்கணப்படி பொருத்தம். வகுப்பில் பிள்ளைகள் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். 'பிணைப்பு' என்றால் வேதிப் பிணைப்போடு குழம்பும். 'சேர்ப்பு' என்று வைக்கலாமா? மருந்தாளுநர்கள் யாராவது சொல்லிப்பார்த்து எழுதுங்கள்.